நடந்துட்டு வந்து சொல்றேன்

அந்த வீட்டுக் குளியலறைக் கதவை லேசாகத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். அங்கே வளர்ந்தவர்களுக்குக் கை தானாகவே அதைச் செய்துவிடும். ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்த தம்பியோ கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். இரண்டு முறை இழுத்தான், தோளால் முட்டினான், பிறகு அக்காவின் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"மறந்தே போச்சுக்கா."

அம்மா ஓடிப்போய்த் திறந்துவிட்டாள். அவன் வந்ததிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாடி, ஒட்டிய கன்னம், முன்பைவிடக் கனத்த குரல். கண்கள் மட்டும் அச்சு அசல் சின்னவனுடையவை. "என் பிள்ளைய எனக்குத் தெரியாதா?" என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள்.

அக்காவுக்குத்தான் மனசு ஒட்டவில்லை. மோசடிகளையும், துப்பே துலங்காமல் காணாமல் போனவர்களையும் பற்றி வாராவாரம் ஒலிபரப்பில் கதை சொல்வதுதான் அவள் தொழில். தம்பியின் கதையையும் பதினோரு பகுதிகளாகச் சொல்லியிருந்தாள்: வேலை முடிந்து பஸ் ஏறியவன், எந்த நிறுத்தத்திலும் இறங்கியதாக யாரும் பார்க்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு 'நான்தான் உங்க தம்பி' என்று ஏழு பேர் போன் செய்தார்கள். ஏழு பேரின் சாயத்தையும் ஆளுக்கொரு கேள்வியில் வெளுத்துவிட்டிருந்தாள்.

எட்டாவதாக வந்தவன் போன் செய்யவில்லை. நேராக வீட்டுக்கே வந்துவிட்டான். எதுவும் கேட்கவும் இல்லை. அதுதான் அவளை அரித்தது.

வழக்கை விசாரித்த காவல் அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "பெத்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. நீங்க ஏம்மா நடுவுல குட்டையக் குழப்புறீங்க?" அவள் அவன் சீப்பிலிருந்து எடுத்த முடியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அதுவரை சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"சின்ன வயசுல மாடி ஜன்னல் கண்ணாடிய யாருடா உடைச்சது?" என்றாள் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே.

அவன் நெற்றியைத் தேய்த்தான். "சட்டுனு வர மாட்டேங்குதுக்கா. கொஞ்சம் நடந்துட்டு வந்து சொல்றேன். நடந்தா ஞாபகம் வருது."

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான். "நான்தான் உடைச்சேன். பழிய எதிர் வீட்டுப் பையன் மேல போட்டோம். நீ கண்ணால பாத்தேன்னு பொய் சாட்சி வேற சொன்ன."

சரியான பதில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் முட்டியது. இவன் அவனேதான் என்று அன்றிரவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் இன்னொன்று கேட்டாள். அவனுக்கு உடனே தெரியவில்லை. நடந்துவிட்டு வந்தான், தெரிந்திருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. குளியலறைக் கதவைக்கூட இப்போது தூக்கித் தள்ளித்தான் திறந்தான். பழைய நண்பர்கள் யாரையாவது பார்க்கப் போகிறானோ என்று ஒருமுறை பின்னாலேயே இறங்கிப் போனாள். தெருமுனையில் அவன் நின்று, திரும்பி, அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு பஸ் ஏறினான்.

ஒவ்வொரு முறை வரும்போதும் அவனோடு ஒரு வாசனை வந்தது. ரொம்ப நாள் திறக்காத அறையின் ஈரமும், அதை மறைக்கக் கொட்டிய பினாயிலும், அடியில் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்றும் கலந்த வாசனை. நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, விரல் விரலாக, நகக்கண்ணெல்லாம் நிதானமாகக் கழுவுவான். தண்ணீர் ஓடும் சத்தத்தை அவள் தன் அறையிலிருந்து எண்ணிக்கொண்டே இருப்பாள். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம்.

உலகத்தில் வேறு யாருக்குமே தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது. காணாமல் போன அன்று தம்பி அவளுக்குப் போன் செய்திருந்தான். அவள் வேலை மும்முரத்தில் எரிந்து விழுந்தாள். அதைப் பதினோரு பகுதிகளிலும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

"கடைசியா போன் பண்ணினியே, அப்ப நான் உன்னை என்னடா சொன்னேன்?"

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். "நடந்துட்டு வந்து சொல்றேன்."

ஆறு மணி. ஏழு. எட்டு. அம்மா இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். ஒன்பதுக்குக் கதவு திறந்தது. வாசனை முன்னால் வந்தது. சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. ஏற்கனவே எங்கோ கழுவியிருக்கிறான். மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் அருகில் உட்கார்ந்தான்.

"'எங்கயாவது தொலைஞ்சு போ'ன்னு சொன்ன."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"உடனே போனை வச்சிட்ட." அவன் களைப்பாகக் கண்ணைத் தேய்த்தான். "மத்ததெல்லாம் கேட்டதும் சொல்லிட்டான். இத மட்டும் சொல்ல மாட்டேன்னு ரொம்ப அடம் பிடிச்சான்."

சொல்லிட்டான்.

அடம் பிடிச்சான்.

இன்றைக்கு.

ஜன்னல் கண்ணாடி. மறுநாள் கேட்டது. அதற்கடுத்த நாள். எல்லாம் அவள் கேட்டவை. ஒவ்வொரு கேள்வியும் அவள் கேட்டது.

"சின்னவனே!" சமையலறையிலிருந்து அம்மா வந்தாள், ஈரக் கையைத் துடைத்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக. "எத்தனையோ வருஷமா கேக்கணும்னு இருந்தேன்டா. அப்பா போற அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன் காதுல மட்டும் ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்?"

"அம்மா, கேக்காத! வேண்டாம்மா..."

"ஏண்டி? அவன் மனசுல இருக்கறத நான் கேக்கக் கூடாதா?"

அவன் எழுந்தான். "ஞாபகம் வரலம்மா. நடந்துட்டு வந்து சொல்றேன்."

அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். ஈரம். சில்லென்று இருந்தது. அவன் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"ஒரே நாள்ல ரெண்டு கேள்வி," என்றான் அம்மாவுக்குக் கேட்காமல். "தாங்குவானான்னு தெரியலக்கா."

அம்மா அவனுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். படிகளில் செருப்புச் சத்தம் இறங்கியது. ஒவ்வொரு படியாக. அவசரமே இல்லாமல்.