துணி மூடிய பேர்

கறுப்பு டேப்புக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லப்டொப்பின் கமராவை அந்த டேப்பால் மூடியது அம்புறோஸ்தான். காலையில் வயரைப் பிடுங்கி, பொத்தானை அமத்தி அதன் உயிரை நிறுத்தி, மூடியைச் சாத்தி, மேலே வேதாகமத்தையும் வைத்துவிட்டுத்தான் கிழிந்த வலை பொத்தப் போயிருந்தான். இப்போது வேதாகமம் கதிரையில் கிடந்தது. மூடி திறந்திருந்தது.

சோளகக் காற்று எழும்பிப் பத்து நாள். படகுகள் மணலில் கிடந்தன. வெயில் உச்சியில் நின்றாலும் மணலுக்குப் பயந்து யன்னல்களையெல்லாம் சாத்தியிருந்ததால் வீட்டுக்குள் பாதி இருட்டு. கூரைத் தகரத்தின் ஆணித் துளைகளுக்குள்ளால் காற்று ஊளையிட்டது, மணல் கதவை அராவியது, குசினியிலிருந்து சூடைமீன் குழம்பின் மணம் வந்தது. அதற்கும் மேலால் இன்னொரு மணம், பதினொரு மாதமாக இந்த வீட்டில் இல்லாத மணம். காயாத எனாமல் பெயின்ற்.

அம்புறோசுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம்.

மனைவி பிரான்சிஸ்கா சோற்றுக் கோப்பையோடு வந்து, அவனைத் தாண்டிப் போய், கோப்பையை லப்டொப்புக்கு முன்னால் வைத்தாள். இடது மணிக்கட்டில் செபமாலை சுற்றியிருந்தது. மகன் கிறிஸ்ரி கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து அவள் அதைக் கழற்றியதில்லை.

"ஆர் இதைத் திறந்தது?"

"அவன் கூப்பிட்டவன்."

"அவன் கள்ளனடி. எத்தினை தரம் சொல்லுறது?"

"கள்ளன் எண்டால் சாப்பிட்டியா அம்மா எண்டு கேப்பானா? நீங்கள் ஒருநாள் கேட்டிருக்கிறீங்களா?"

அவனுக்குக் கை ஓங்கியது. கோப்பையைத்தான் தட்டிவிட்டான். சோறு சுவரில் சிதறியது. அவள் குனிந்து பொறுக்கினாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு போன் வந்ததிலிருந்துதான் எல்லாம். மரியாதையான குரல். உங்கட கொம்பியூட்டரில் வைரஸ் பிடிச்சிட்டுது அம்மா, நான் திருத்தித் தாறன், சொல்லுற இடத்தில அமத்துங்கோ என்றானாம். கிறிஸ்ரியின் லப்டொப் அது. அவன் படங்கள், அவன் குரல், அவன் சிரிப்பு, அவனில் மிச்சம் இருந்ததெல்லாம் அதற்குள்தான். அது அழிந்துபோகும் என்று எவனோ சொன்னால் அவள் எதைத்தான் அமத்தமாட்டாள்? மூன்றாம் நாள் திரையில் கிறிஸ்ரியின் பேரில் எழுத்து வந்தது. அம்மா, நான் கரைக்குக் கிட்டத்தான் நிக்கிறன். அன்றிலிருந்து அவள் பின்கதவுக்குக் கொளுவி போடுவதில்லை.

அம்புறோஸ் அவளுடைய போனை எஞ்சின் கழற்றும் இரும்புச் சாவியால் அடித்து நொறுக்கினான். லப்டொப்பை உரப்பையில் சுற்றி மன்னார் ரவுணுக்கு, பஸ்லானின் கொம்பியூட்டர் கடைக்குக் கொண்டுபோனான். பஸ்லான் இரண்டு நாள் வைத்திருந்து படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துடைத்து, புதுசாக ஏற்றிக் கொடுத்தான். பழைய பாஸ்வேட் என்ன என்று கேட்டான். அம்புறோஸ் பழைய படகின் பேரைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணன், உங்கட கரையில எல்லாருக்கும் படகின்ர பேர்தான் பாஸ்வேட். அதைப் படகின்ர முன்பக்கம், அணியத்தில ரெண்டடி எழுத்தில எழுதியும் வச்சிருக்கிறீங்கள். கள்ளனுக்குக் கொம்பியூட்டர் தெரியத் தேவையில்லை, எழுத்துக் கூட்டத் தெரிஞ்சாக் காணும். ஒருத்தரும் காணாத பேராப் போடுங்கோ."

ஒருத்தரும் காணாத பேர் அம்புறோசிடம் ஒன்று இருந்தது.

புதுப் படகுக்குப் பேர் எழுதினால், திருநாளில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை அதைத் துணியால் மூடிக் கட்டுவார்கள். வீட்டுப் பெண்தான் துணியை அவிழ்க்க வேண்டும். கிறிஸ்ரி தன் புதுப் படகில் ஒரு பின்னேரம் வளவுக்குள் வைத்தே பேர் எழுதினான். தகப்பன் மட்டும் பார்த்தான். தாய்க்குக் காட்டவில்லை, அவளுக்காக எழுதிய பேர் என்பதால். திருநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சுவாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மீன் நிக்குமாடா, இறக்கடா படகை, என்று விடியமுன் தள்ளிக் கொடுத்தது அம்புறோஸ். பெயின்ற் காயவில்லை. துணியோடுதான் படகு போனது.

அந்தப் பேரைத்தான் இப்போது பாஸ்வேட்டாகப் போட்டிருந்தான். எந்தக் கடுதாசியிலும் இல்லை. பஸ்லானுக்குத் தெரியாது, பிரான்சிஸ்காவுக்கும் தெரியாது. உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தன் கதிரைக்கு முன்னால் நின்றான், மற்றவன் கடலோடு போனவன்.

அப்படியென்றால் திறந்தது ஆர்?

"படு போய்," என்று பிரான்சிஸ்காவை அறைக்குள் அனுப்பினான். முன்கதவைப் பூட்டித் திறப்பைச் சாரத்து மடிப்பில் செருகினான். லப்டொப்புக்கு முன் உட்கார்ந்து, வலை பொத்தி மரத்த ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தினான்.

நீ ஆரடா நாயே.

விளக்கு எரிந்தது. காற்று ஒருக்கால் அடங்கியது. பெயின்ற் மணம் தொண்டைக்குள் இறங்கியது. திரையில் எழுத்து வந்தது.

கிறிஸ்ரி, அப்பா.

மேசை நடுங்கும்படி குத்தினான். பஞ்சப்பட்டவன்ர பிள்ளையை வச்சு விளையாடுறியா? உன்ர தாயிட்ட இப்பிடிச் செய்வியா? ஆம்பிளையெண்டால் கரைக்கு வா. வலைக் கத்தியால பிளந்து காயவைக்கிறன். எழுத எழுத எழுத்துகள் பிழைத்தன. அவன் திருத்தவில்லை.

பதில் வந்தது.

நீங்கள்தானே அப்பா தள்ளிவிட்டனீங்கள்.

விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றது. அந்த விடியலில் கரையில் ஒரு குஞ்சும் இல்லை. தான் தள்ளியதை அவன் யாருக்கும் சொன்னதில்லை, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. மகன் தன்பாட்டில் இறங்கிப் போய்விட்டான் என்றுதான் பிரான்சிஸ்காவிடமும் சொல்லியிருந்தான்.

நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மெல்ல எழுதினான்.

என்ன வேணும்?

காசு என்று எழுதுவான். காசு என்று எழுதினால் போதும். கள்ளன் என்றால் காசுதான் கேட்பான். மாதாவே, காசு கேட்கட்டும்.

துணி இன்னும் கட்டினபடி கிடக்கு. அம்மா வந்துதான் அவிழ்க்க வேணும்.

பின்பக்கத்தில் கதவு அடித்தது.

ஒருதரம். பிறகு இன்னொருதரம்.

அறைக்குள் ஓடினான். பாயில் ஆள் இல்லை. தலையணையில் பள்ளம். குசினி. பின்கதவு காற்றில் ஆடியது. கொளுவி தொங்கியது. முன்கதவைப் பூட்டினவன் இதை மறந்துவிட்டான். ஒன்றரை மாதமாகத் திறந்தே கிடந்த கதவை.

"பிரான்சி!"

வாசலில் நின்றால் கடல்வரை தெரியும். மறைக்க ஒரு பற்றைகூட இல்லை. வெள்ளை மணல். வெயில். ஒற்றைக் காலடி வரிசை, நேராக, நிதானமாக, அலை நக்கும் இடம்வரை. அங்கே அவள் செருப்பு இரண்டும் சேர்த்து வைத்தபடி, கோயிலுக்குள் போகிறவள் கழற்றி வைப்பதுபோல.

ஆள் இல்லை.

ஓடக் கால் எடுத்தான். முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள், லப்டொப் சத்தம் போட்டது. கிறிஸ்ரி வைத்திருந்த சின்ன மணிச் சத்தம்.

திரும்பினான்.

திரையில் எழுத்து இல்லை. பச்சை. கலங்கல் பச்சை, மேலிருந்து வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. நடுவில் ஒரு படகின் அணியம், மணலில் பாதி புதைந்து. அதில் கட்டிய துணி, பாசி பிடித்து, மூச்சு விடுவதுபோல உப்பி உப்பி அடங்கியது.

கமராவின் டேப் ஒட்டியபடியே இருந்தது.

படத்துக்குள் ஒரு கை வந்தது. பெண்ணின் கை. மணிக்கட்டில் செபமாலை, மணிகள் மேல்நோக்கி மிதந்தன. அவசரமில்லாமல் முடிச்சைத் தேடி எடுத்தது. அவிழ்த்தது. துணி எழும்பித் திரையை விட்டுப் போனது.

வெள்ளை எழுத்து. இன்னும் காயாத பெயின்ற், புகைபோலத் தண்ணீரில் கரைந்தபடி.

விரல் முதல் எழுத்தைத் தொட்டது. பிறகு அடுத்ததை. பாலர் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல, ஒவ்வொன்றாக, தன் பேரைத் தடவி வாசித்துக்கொண்டு போனது.