எட்டு டயரிலும் காற்றில்லை

ஞாயிறு, காலை 5.25.

ஃபெமினா கார் நிறுத்தும் இடத்தில் விளக்கைப் போட்டாள். முந்தின நாள் வாடகைக்கு எடுத்த நான்கு சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எட்டு டயர். எட்டும் தரையோடு சப்பை. குனிந்து தடவிப் பார்த்தாள். காற்று தானாக இறங்கவில்லை. எட்டு வால்வையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அவள் போட்ட "ஐயோ", எங்கள் மேலூர் ரோட்டுச் சந்தின் கடைசி வீடு வரை கேட்டது. கேட்காதவர்களுக்கு நாங்கள் சொல்லிவிட்டோம்.

ஃபெமினாவுக்கு இருபத்தொன்பது வயது. வேலை மாற்றலாகி ஸ்ரீரங்கம் வந்து நான்கு மாதம். மாடியில் வீட்டு உரிமையாளர் பெரியண்ணன்; கீழ்த்தளத்தில் இவள் தனியாகக் குடியிருக்கிறாள். முதல் இரண்டு மாதம் சனி, ஞாயிறுகளில் அந்த வீட்டு ஜன்னல் திறந்து நாங்கள் பார்த்ததே இல்லை. பிறகுதான் நால்வர் கூட்டம் ஒன்று சேர்ந்தது. சனிக்கிழமை மலை, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். இந்த ஊரில் அவளுக்கென்று இருப்பது அந்த மூன்று பேர்தான்.

5.40. அந்த மூவரும் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் ராக்கம்மாள். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெற்ற மறுவாரமே புடவையை மடித்து வைத்துவிட்டு டிராக் பேண்ட்டுக்கு மாறியவர். அதைப் பேசி ஓய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. அடுத்து அப்ரார். செல்போன் கடைக்காரன். வாய் மட்டும் மூன்று ஆளுக்கு உண்டு. கடைசியாகப் பொன்மலை சவரிராயன். ஐம்பத்து மூன்று வயது, கல்லூரி அலுவலகத்தில் வேலை, மனைவி டோரதி இறந்து இரண்டு வருடம். மலை என்றால் அவர்தான் தலைவர். நேற்றுகூட நார்த்தாமலைப் பாறையில் வழுக்கும் இடத்தில் முன்னால் போய் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். சைக்கிளுக்கு மட்டும் இன்றுதான் முதல் தடவை. ஒரு ஞாயிறு தேவாலயப் பாடகர் குழு, இன்னொரு ஞாயிறு முழங்கால் வலி என்று தட்டிப் போய்க்கொண்டிருந்தது.

எல்லோரும் தயாராகத்தான் வந்திருந்தார்கள். ஃபெமினா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். அப்ரார் வலது கால் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தான். சவரிராயன் இடது கால் பேண்ட்டை நேர்த்தியாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். புது ஹெல்மெட்டில் விலைச் சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

"கேட்டுக்கு நம்பர் பூட்டு," என்றார் ராக்கம்மாள். "நம்பர் யாருக்குத் தெரியும்?"

"நம்ம நாலு பேருக்கு. அப்புறம் மாடி வீட்டுக்கு," என்றாள் ஃபெமினா.

மாடி வீடு ஏற்கெனவே பால்கனியில்தான் நின்றது. பெரியண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குரல் கொடுத்தார். "நேத்து சாயங்காலம் ஏழு மணி இருக்கும்மா. புஸ், புஸ்னு எட்டு தடவை சத்தம். கீழ குக்கர்ல கொண்டக்கடலை வேகுதுன்னு நெனச்சேன்."

"எட்டுன்னு எண்ணினீங்களா சார்?" என்றார் ராக்கம்மாள்.

"எனக்கு வேற என்னங்க வேலை?"

ராக்கம்மாள் திரும்பினார். நேற்று மலையிலிருந்து வந்து ஏழு மணிக்கு நால்வரும் ஃபெமினா வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நடுவுல யார் யார் வெளிய போனீங்க?"

"போன் பேசப் போனேன்க்கா, சந்து முனை வரைக்கும்," என்றான் அப்ரார்.

"சவரி சார்?"

"கார்ல தண்ணி கேன் இருந்துச்சுங்க. எடுக்கப் போனேன்."

"ஃபெமினா?"

"மாவு பத்தலைன்னு கடைக்குப் போனேன்க்கா."

"நான் மட்டும்தான் எந்திரிக்கலை. ஆறு தோசை. நீங்களே சாட்சி."

அப்ரார் சிரித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுக்கு எதுக்குக்கா விசாரணை? இன்னிக்குத்தான் மேடம் முதல் தடவையா ரோட்டுல ஓட்டணும். 'நாளைக்கு மழை வந்தா நல்லாருக்கும்'னு நேத்து மலையில சொன்னது யாரு?"

ஃபெமினாவின் முகம் சுண்டியது. "பயமா இருந்துச்சு, சொன்னேன். அப்புறம் அங்கிள் என் பின்னாலயே வரேன்னு சொன்னதும் பயம் போயிடுச்சு. நான் எதுக்குங்க கழட்டணும்?"

"சும்மா கேட்டேன் மேடம்..."

"சும்மாவா? திருட்டுப் பட்டம் கட்டிட்டு சும்மாவா?" அவள் போனை எடுத்தாள். வாட்ஸ்அப்பில் 'குழுவிலிருந்து வெளியேறு' என்ற இடத்துக்கு விரல் போய் நின்றது. "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் இனிமே வரலை."

மாடி வீடு கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பாதி உடம்பை வெளியே நீட்டியது.

"அந்த விரலை அப்படியே வச்சிரு," என்றார் ராக்கம்மாள். "அஞ்சு நிமிஷம் குடு."

வாசல், சாக்கடை ஓரம், பூந்தொட்டி என்று டார்ச் அடித்துத் தேடினார். பிறகு சைக்கிள்களை விட்டுவிட்டு மனிதர்களின் கால்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

6.05.

"குறும்புக்குக் கழட்டினவன் வால்வை வீசிட்டுப் போயிருப்பான். இங்க ஒன்னுகூட இல்லை. அப்ப எடுத்தவங்க பத்திரமா வச்சிருக்காங்க. திருப்பிக் குடுக்கற எண்ணம். இன்னிக்கு ஒரு நாள் சைக்கிள் ஓடக்கூடாது, அவ்வளவுதான் வேண்டியிருக்கு." சற்று நிறுத்தினார். "டிக்கெட் இல்லாதவங்க எப்படி இருப்பாங்க தெரியுமா? கசங்காத சட்டை, மடியில பேப்பர், எல்லாம் கச்சிதமா இருக்கும். எங்கயோ ஒன்னு மட்டும் இடிக்கும். சவரி சார், சைக்கிளுக்குச் செயின் எந்தப் பக்கம்?"

சவரிராயன் தலையைத் திருப்பிச் சைக்கிளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான், "வலது பக்கம்," என்றார்.

"கிரீஸ் ஒட்டறது எந்தக் காலு?"

அவர் தன் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நாள் ஓட்டினவனுக்குக்கூட வலது காலைத்தான் மடிக்கத் தோணும்," என்றார் ராக்கம்மாள் மெதுவாக. "உங்களுக்கு ஓட்டத் தெரியாது, இல்லையா சார்?"

"பொன்மலைக்காரருக்கா?" அப்ரார் கத்திவிட்டான். "அங்க ரயில்வே ஒர்க்ஷாப்புல ஷிப்டு விட்டா ரோடே சைக்கிளாத்தானேக்கா போகும்!"

"அதனாலதான் ஓட்டத் தெரியுமான்னு இவரை யாரும் கேக்கவே இல்லை," என்றார் ராக்கம்மாள்.

சவரிராயன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிஸ்கட் உறையில் எட்டு வால்வுகள், திருகுகளோடு, ஒன்றுகூடக் கெடாமல்.

"ஒன்பது வயசுல விழுந்து கை ஒடிஞ்சுதுங்க. அம்மா அப்புறம் தொடவே விடலை. பெரிய ஆளானதும் கத்துக்க வெக்கம். கல்யாணத்துக்கப்புறம் டோரதி ஸ்கூட்டர் ஓட்டுவா, நான் பின்னால உக்காந்துக்குவேன். இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடிருச்சு." பொட்டலத்தை ராக்கம்மாள் கையில் வைத்தார். "இன்னிக்கும் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன். நேத்து இந்தப் பொண்ணு, 'நீங்க பின்னால வந்தா பயமில்லை அங்கிள்'னு சொல்லிருச்சு. நானும் வரேன்னுட்டேன். தெரியாதும்மான்னு வாயைத் திறக்க முடியலை. உன் மேல பழி விழும்னு சத்தியமா நெனைக்கலைம்மா. நீ இரு. நான் போயிடறேன்."

ஹெல்மெட்டைக் கழற்றப் போனார். வார் தாடையில் சிக்கிக்கொண்டது. அதைக்கூட அவருக்குக் கழற்றத் தெரியவில்லை.

ஃபெமினா கிட்டே போனாள். கழற்றி விடுவாள் என்று நினைத்தோம். அவள் வாரை இழுத்துச் சரியாக மாட்டிவிட்டாள்.

"மூணு வாரமா மைதானத்துல இவங்க ரெண்டு பேரும் முன்னால பறக்கறாங்க, நான் மட்டும் தத்தளிக்கிறேன். ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியாதுன்னு நெனச்சுட்டிருந்தேன். இப்பத்தான் துணைக்கு ஒரு ஆள் கெடைச்சிருக்கு, அதையும் விட்ருவேனா? எங்கயும் போகக் கூடாது அங்கிள்."

போன் துப்பட்டா முடிச்சுக்குள் போய்விட்டது.

"சாரி மேடம்," என்றான் அப்ரார், தலையைச் சொறிந்தபடி.

"மேல போய் பம்ப் வாங்கிட்டு வா. எட்டு டயருக்கும் நீதான் அடிக்கணும்," என்றாள் ஃபெமினா.

பெரியண்ணன் பம்ப்போடு பாதிப் படி இறங்கியிருந்தார்.

7.10. வடக்கு உத்திர வீதி.

கோலம் போட்டவர்கள் ஒதுங்கினார்கள். சவரிராயன் சைக்கிளில் கல்போல உட்கார்ந்திருந்தார். பின்னால் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஃபெமினா ஓடினாள்.

"விட்டுடாதம்மா!"

"விடலை அங்கிள்!"

"விட்டாதான் பழகும்!" என்றான் அப்ரார், தன் சைக்கிளில் எதிரே வட்டமடித்தபடி.

"நீ வாயை மூடு!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

காவிரிப் பாலம் வரை போவதாகத்தான் திட்டம். அன்று யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. வீதி முடியும் வரை, மூச்சு இரைக்க இரைக்க, ஃபெமினா கேரியரை விடவே இல்லை. பின்னாலேயே போயிருந்த நாங்கள் கடைசி வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.