கடைசியாக வருபவர்

கொல்லிமலை உச்சியில் சோற்று அண்டாவின் மூடியைத் திறக்க இப்போதெல்லாம் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. காரவள்ளி அடிவாரத்தில் கூட்டம் புறப்படும்போதே, எத்தனை மணிக்கு மேலே வந்து சேரும் என்பதைச் சமனி என்கிற கருவி சமையல்காரருக்குச் சொல்லிவிடும். அந்த நேரத்துக்கு அரிசிம்பருப்பு சாதம் ஆவி பறக்க இறக்கப்படும். அதே நேரத்துக்கு நூற்றுச்சொச்சம் மிதிவண்டிகளும் வரிசை குலையாமல் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் திரும்பி வரும். முதலில் வந்தவர் என்று ஒருவர் கிடையாது. கடைசியாக வந்தவர் என்றும் ஒருவர் கிடையாது.

நாமக்கல் மிதியர் சங்கத்தின் வருடாந்தரப் பயணத்துக்கு வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சேர்வது இதற்காகத்தான். சமனியைச் செய்தவள் சங்கத்து உறுப்பினரான கருணாம்பிகை. பின்சக்கரத்தின் அச்சில் ஒரு தேங்காய் அளவுக்கு உட்கார்ந்திருக்கும் கருவி அது. பலசாலியின் மிதியில் இருக்கும் உபரியை எடுத்து, கம்பியில்லாமல், மூச்சு வாங்குகிறவரின் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். யார் எவ்வளவு மிதித்தாலும் எல்லாச் சக்கரமும் கூட்டத்தின் சராசரி வேகத்தில்தான் ஓடும். களைத்த கை தடுமாறினால் வண்டி சாயாது. வளைவுகளில் அதுவே திரும்பிக்கொள்ளும். ஏறுகிறவர் விழாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அதுதான் பிற்பாடு வினையாகப் போயிற்று.

எல்லாம் ஒரு வெட்கத்தில் ஆரம்பித்தது. கருணாம்பிகை முதல்முறை இந்த மலை ஏறியபோது சமனி இல்லை. கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. பாதி மலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, இறங்கி வண்டியைத் தள்ளினாள். அவளுக்குப் பின்னால், நன்றாக மிதிக்கத் தெரிந்த ஒரு மனிதர் தானும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் செங்கோட்டுவேலன், முட்டை மொத்த வியாபாரி. சங்கத்தில் அவருடைய பதவிக்கு வால் என்று பெயர். கூட்டத்தில் யார் கடைசியோ அவருக்கும் பின்னால் வருவது வாலின் வேலை. பஞ்சர் ஒட்டுவது, கடலை மிட்டாய் கொடுப்பது, முட்டை விலை ஏறி இறங்குகிற கதையைச் சொல்லி வலியை மறக்கடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

“நீங்க போங்கண்ணா. நான் வந்துக்கறேன்” என்றாள் கருணாம்பிகை.

“நான் போயிட்டா நீ கடைசி ஆயிருவ அம்மிணி. இப்போதைக்கு நாந்தான் கடைசி. பின்னாடி நான் இருக்கேன், மெதுவா வா.”

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அதுவரை ஒருவரும் தட்டைத் தொடவில்லை. வால் வந்து சேராமல் அண்டாவைத் திறப்பதில்லை என்பது அந்தக் காலத்து வழக்கம். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சங்கத் தலைவரான லாரி முதலாளி தெய்வசிகாமணி, தட்டில் சாதம் வைத்து நெய் ஊற்றித் தானே கொண்டுவந்து நீட்டினார். “கல்லாட்டம் ஆயிருச்சு அம்மிணி, பல்லு பத்திரம்” என்றார். கூட்டம் சிரித்தது. கருணாம்பிகை தட்டை வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். இத்தனை பேரைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று குன்றிப்போனாள். கேலி செய்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக இவ்வளவு பேர் பசியோடு உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை. கடைசி என்கிற இடமே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கு மலை இறங்கும்போதே முடிவு செய்தாள்.

சில வருடங்களில் செய்தும் காட்டினாள். சமனி வந்த முதல் வருடம், முழங்கால் தேய்ந்தவர்களும் ஆஸ்துமாக்காரர்களும் உச்சியில் நின்று அழுதார்கள். வாழ்க்கையில் பார்க்க முடியாது என்று நினைத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்ட அழுகை. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. நல்ல காரியம்தான் அது. சாதமும் சூடாக இருந்தது.

வாலுக்கு மட்டும் வேலை இல்லாமல் போயிற்று. கருணாம்பிகை அவருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கினாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“பின்னாடியே போட்டுக் குடு அம்மிணி. முன்னாடி போனா ஆளு வருதா இல்லையான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக் கழுத்து வலிக்குது.”

“இனிமே யாரும் பின்தங்க மாட்டாங்கண்ணா.”

“செரி. ஆனாலும் பாப்பேன் பாரு, அதுக்கென்ன பண்றது” என்று சிரித்தார்.

இரண்டாம் வருடத்திலிருந்து வேறொன்று நடந்தது. சமனியின் கணக்கில் கூட்டத்தின் மொத்த மிதிசக்தி குறைய ஆரம்பித்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நூறு பேர் மிதிக்கும்போது தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் கால் நிறுத்தினால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகவில்லை. அடுத்து படம் எடுக்க நிறுத்தினார்கள். பிறகு நிறுத்துவதற்குக் காரணம் தேவைப்படவில்லை. வேகம் விழுந்தபோது கருணாம்பிகை சமனியில் இருந்த துணை மின்கலத்தைப் பெரிதாக்கினாள். மின்கலம் பெரிதானதும் மிதி இன்னும் குறைந்தது. பக்கத்து வண்டிக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் மலையேறி இறங்குகிறவர்கள் பெருகினார்கள். தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை, யாருக்கும் யாரும் டியூப் கடன் கொடுக்கவில்லை. பயணம் முடிந்து கருத்துக் கேட்டால் எல்லாரும் திருப்தி என்றார்கள். ஆனால் பாதிப் பேர் மறுவருடம் வரவில்லை. அவர்கள் இடத்துக்குப் புதிதாகப் பாதிப் பேர் வந்தார்கள்.

ஆரம்பத்தில் சமனியில் ஒரு மணி இருந்தது. மிதி நின்றுவிட்டால் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி அடிக்கும். யாருக்காவது மயக்கம் வந்தால் தெரிய வேண்டும் என்று கருணாம்பிகையே வைத்தது. இப்போது அது வழியெல்லாம் ஓயாமல் அடித்தது. உறுப்பினர்கள் எரிச்சல்பட்டார்கள். காசு கொடுத்து வந்தவனைக் குற்றவாளி மாதிரி மணியடித்துக் காட்டிக்கொடுப்பதா என்று ஒருவர் கேட்டார். செயற்குழுவில் அதை எடுத்துவிடுவது என்று தீர்மானம் வந்தது.

“மணி அடிச்சா திரும்பியாச்சும் பாப்பாங்க. இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் வேலன்.

“எல்லாருக்கும் தொந்தரவா இருக்குதுங்கண்ணா” என்றாள் கருணாம்பிகை.

அவர் தலையாட்டினார். “செரி அம்மிணி, நீ பண்ணுன மெஷினு. உனக்குத் தெரியாததா.”

அந்தப் பேச்சை அவள் இன்றுவரை மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆறாம் வருடம் வானம் மூட்டமாக இருந்தது. கருணாம்பிகை கூட்டத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தாள். கைப்பிடியில் இருந்த திரையில் ஒவ்வொருவரின் மிதியும் ஒரு கோடாகத் தெரியும். எல்லாக் கோடுகளும் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒரே ஒரு கோடு மட்டும் பனைமரமாக நின்றது. பாதி மலைக்கு மேல் அவளுடைய தலைக்கவசத்தில் வேலனின் குரல் கேட்டது. மூச்சு இரைத்தது.

“முன்னாடி யாருக்கோ முடியல போல அம்மிணி. சக்கரம் கனக்குது. யாருன்னு கொஞ்சம் பாரு.”

யாருக்கும் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அவர் கொடுக்கும் மிதியைச் சமனி நூறு பங்காக்கி நூறு பேருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தது. யாரோ கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்து அவர் இன்னும் அழுத்தினார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் ஒருவர்தான் மிதிக்கிறீர்கள் என்று சொன்னால், அவள் தன்னுடைய வாழ்நாள் வேலையைத் தானே கேலி செய்வதுபோல் ஆகும். அவளும் அப்போது மிதித்துக்கொண்டிருக்கவில்லை.

“ஒண்ணுமில்லீங்கண்ணா. சரியாயிரும்” என்றாள்.

“ஆகட்டும். நான் பாத்துக்கறேன்.”

இன்னும் சில வளைவுகள் போயின. திரையில் அந்த ஒற்றைக் கோடு ஆடியது, பிறகு விழுந்து மற்றக் கோடுகளோடு படுத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் கருணாம்பிகைக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, அண்ணனும் ஒருவழியாகச் சும்மா உட்காரப் பழகிக்கொண்டார் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மின்கலம் மீதிச் சுமையை ஏற்றுக்கொண்டது. வண்டிகள் எல்லாம் ஒரே சீராக மேலே ஏறின.

சோளக்காட்டு மைதானத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். அண்டா திறந்தது. அவளும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டாள். பாதி சாப்பாட்டில்தான் அவர் ஞாபகம் வந்து, இன்னொரு தட்டில் சாதம் போட்டு நெய் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். கடைசி வரிசையில் அவருடைய வண்டி நேராக நின்றிருந்தது. அவரும் அதன்மேல் நேராகத்தான் உட்கார்ந்திருந்தார். சமனி அவரைச் சாயவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எப்ப மயங்கினாரு?” கூட வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கருணாம்பிகைக்குத் தெரியும். எந்த வளைவு என்றே தெரியும். அவள் சொன்னாள். மருத்துவர் அந்த வளைவிலிருந்து மைதானம் வரைக்குமான தூரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, அங்கேயே இறக்கிப் படுக்க வைத்திருந்தால் என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வேலனின் மனைவி நாகரத்தினம் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. “இத்தன பேரு கூடப் போனீங்களே அம்மிணி” என்று மட்டும் கேட்டார்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. இரங்கல் கூட்டம் போட்டு, மணியைத் திரும்பக் கொண்டுவருவது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். வெறும் மணி வேண்டாம், அவருடைய குரலே இருக்கட்டும் என்றார் தெய்வசிகாமணி. உண்மையான வருத்தத்தில்தான் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. பழைய காணொளி ஒன்றிலிருந்து குரலை எடுத்தார்கள். இனி யாருடைய மிதி நின்றாலும் அவரவர் கைப்பிடியிலிருந்து வேலன் பேசுவார். அந்த வசதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

மறுவருடம் காரவள்ளியில் அவர் படத்துக்கு மாலை போட்டு, ஒரு நிமிடம் மௌனமாக நின்று புறப்பட்டார்கள். முதல் வளைவிலேயே குரல்கள் ஆரம்பித்துவிட்டன. முன்னால், பக்கத்தில், பின்னால், எங்கே பார்த்தாலும் அவர்தான் பேசினார். சிலர் நெகிழ்ந்து போய்க் கொஞ்ச தூரம் மிதித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கட்டைவிரலால் குரலை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள். மூன்றாவது வளைவுக்கு மேல் சத்தமே இல்லை. தெய்வசிகாமணியும் அழுத்தியதைக் கருணாம்பிகை பார்த்தாள்.

அவள் தன்னுடைய சமனியை அணைத்தாள். கைப்பிடியில் இருந்த குரலை மட்டும் விட்டுவைத்தாள். அந்த நொடியில் மலை முழுக்க அவள் காலுக்கு வந்துவிட்டது. கூட்டம் அவளைத் தாண்டிப் போயிற்று. வண்டி ஒன்று குறைந்ததும் சமனி சராசரியைப் புதிதாகப் போட்டுக்கொண்டது. வரிசையில் விழுந்த இடைவெளியும் மூடிக்கொண்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றில்லை, அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவள்தானே அதை விட்டுப்போக வைத்தவள்.

தனியாக மிதித்தாள். முடியாதபோது தள்ளினாள். திரும்ப ஏறி மிதித்தாள். முன்பு கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட அதே இடத்துக்குப் பக்கத்தில் கால் நின்றுபோயிற்று. கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“பின்னாடி நான் இருக்கேன், மெதுவா வா” என்றது கைப்பிடி.

தெரிந்தும் திரும்பிப் பார்த்தாள். ஈரச் சாலை மட்டும் கீழே இறங்கிப் போயிற்று. தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆறிப்போன சாதத்தோடு எழுந்து நின்றவர்கள் அவளைக் கேலி செய்யவில்லை என்பது, இவ்வளவு வருடம் கழித்து, சொல்ல ஒருவரும் இல்லாத இடத்தில் அவளுக்கு விளங்கியது. வாய்விட்டு அழுதாள். பிறகு நிமிர்ந்து மிதித்தாள்.

மைதானத்துக்கு வந்தபோது அங்கே வண்டிகள் இல்லை. சாப்பிட்டுவிட்டு மறுபக்கத்துச் சாலையில் இறங்கிப் போய்விட்டார்கள். அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். சமையல்காரர் அவளைப் பார்த்துத் திகைத்துப்போய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இன்னொருத்தர் வர வேண்டியிருக்குதுன்னு யாரும் சொல்லலீங்களே” என்றார்.