வரைபடத்தில் காணாமல் போன நீல வீடு

லாஸ்பேட்டையில் சுடர்விழியின் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் உண்டு. அவளுடைய அம்மா மாலா அதில்தான் வரைபடங்கள் செய்வார். பறக்கும் கேமரா மேலேயிருந்து எடுத்துக் கொடுக்கிற போட்டோக்களையெல்லாம் ஒட்டி, ஓர் ஊரையே ஒரே படமாக ஆக்கிவிடுவார்.

அந்த வாரம் அம்மா செய்துகொண்டிருந்தது சத்யப்பிரியாவின் ஊர்ப் படம். சத்யப்பிரியா சுடர்விழியின் வகுப்புத் தோழி. கடலை ஒட்டிய மீனவக் குப்பத்தில் அவள் வீடு. மழைக்காலம் வந்தால் அங்கே கடல் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு உள்ளே வரும். அதைத் தடுக்கக் கரையில் பாறாங்கற்கள் போடப் போகிறார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள். அங்கே காட்டுவதற்குத்தான் இந்தப் படம்.

சனிக்கிழமை காலையில் சத்யப்பிரியாவை அவள் அப்பா சுப்ரமணி வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். செருப்பைக் கழற்றியதும் அவள் நேராகக் கம்ப்யூட்டரிடம் போய் நின்றாள்.

"எங்க வூட்டக் காட்டுறீங்களா ஆன்ட்டி?"

அம்மா படத்தைப் பெரிதாக்கினார். நீல ஷீட் போட்ட கூரை. வாசலில் காயப்போட்ட வலை. கூரை மேல் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது.

"அதோ, உங்க பூனை" என்றாள் சுடர்விழி.

"அது எங்குளுது இல்ல. சோத்துக்கு மட்டும் வரும். தூங்குறதுக்கும் வருதுன்னு இப்பத்தான் தெரியுது."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

"முழு ஊரும் ஒண்ணாத் தெரியுற மாதிரிக் காட்டுங்க ஆன்ட்டி. நாளைக்கு அப்படித்தான காட்டுவாங்க?"

அம்மா கொஞ்சம் தயங்கினார். பிறகு படத்தைச் சுருக்கினார். தெருக்கள் ஒடுங்கின, மரங்கள் பச்சைப் பொட்டுகள் ஆயின. கரையோரத்தில் மட்டும் மை கொட்டியதுபோல ஒரு கருப்புப் பட்டை ஓடியது. கடைசி வரிசை வீடுகள் அதற்குள் மூழ்கிப்போயிருந்தன.

சத்யப்பிரியா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"எங்க வூட்டக் காணோம்" என்றாள் மெதுவாக. விரலால் அந்தக் கருப்பைத் தொட்டு, "கடல் எடுத்துட்டுப் போனா இப்படித்தான் இருக்கும், இல்ல?" என்று கேட்டாள்.

அம்மா அவள் தோளில் கை வைத்தார். "உங்க வீடு அங்கதாம்மா இருக்கு. தப்பு என் படத்துல. ரெண்டு நாளா இதோடதான் மல்லுக்கட்டுறேன்."

சத்யப்பிரியா தலையாட்டிவிட்டு ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். தட்டில் வைத்த முறுக்கை அவள் தொடவில்லை. சுடர்விழிக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் முறுக்கை எப்போதும் பிடுங்கித் தின்கிறவள் அவள்.

சுடர்விழி அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கருப்பு எங்கேர்ந்தும்மா வருது? கடல் நீலமாத்தான இருக்கும்?"

"கடலை நான் வெட்டி எடுத்துட்டேன். அலையை ஒட்டவே முடியல, ஒவ்வொரு போட்டோலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. அதனால அந்த இடம் இப்ப கண்ணாடி மாதிரி. ஒண்ணும் தெரியாது."

"சரி."

"படம் ரொம்பப் பெருசு. அப்படியே திறந்தா கம்ப்யூட்டர் திணறும். அதனால அதுலேர்ந்து சின்னப் படம் ஒண்ணு செஞ்சு வெப்பேன். அதைவிடச் சின்னது ஒண்ணு, அதைவிடச் சின்னது இன்னொண்ணு. படம்னா குட்டிக் குட்டி நிறப் புள்ளிங்கதான். ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற நாலு புள்ளிய ஒரு புள்ளியா ஆக்கணும்."

"எப்படி?"

"நாலுல ஏதோ ஒண்ண மட்டும் எடுத்துக்கலாம். அப்படிச் செஞ்சா கருப்பு வராது. ஆனா இங்க பாரு." அம்மா இன்னொரு படத்தைக் காட்டினார். சந்துகள் பாதியில் அறுந்து கிடந்தன. கூரைகளின் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. "அதனாலதான் நாலு நிறத்தோட நம்பரையும் கூட்டி நாலால வகுத்து, சராசரி எடுக்கிறேன். மத்த இடமெல்லாம் வழவழன்னு அழகா வருது. கரையில மட்டும் கருப்பாகுது."

சராசரி என்றதும் சுடர்விழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தக் கண்ணாடிப் புள்ளிக்கு இன்னா நிறம்?"

"நிறமே கிடையாது."

"கம்ப்யூட்டர் அதுக்கு ஏதாச்சும் நம்பர் போட்டிருக்கும் இல்ல?"

"பூஜ்யம்னு போட்டிருக்கும். பூஜ்யம்னா..." அம்மா பாதியில் நிறுத்தினார். "கருப்பு."

"போன வாரம் கணக்குப் பரீட்சை நடந்துச்சு இல்ல? கிளாஸோட சராசரிய என்னைத்தான் போடச் சொன்னாங்க பாக்யலட்சுமி மிஸ். பாதிப் பேரு ஜுரம்னு வரல. நான் அவங்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டுக் கூட்டிட்டேன். சராசரி படுபாதாளத்துக்குப் போயிடுச்சு. நல்லா எழுதுனவங்க எல்லாரும் என்னை அடிக்க வந்துட்டாங்க."

ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "நான்தான் முதல்ல அடிக்க வந்தேன்."

"மிஸ் இன்னா சொன்னாங்க தெரியுமா? வராதவங்க பூஜ்யம் எடுத்தவங்க இல்ல. வந்தவங்க மார்க்க மட்டும் கூட்டி, வந்தவங்க எத்தனை பேரோ அதால வகுக்கணும்னாங்க. அம்மா, கண்ணாடிப் புள்ளியெல்லாம் பரீட்சைக்கே வரலம்மா. அதையும் கூட்டுனா பாவம், நீலத்துக்கு மார்க் குறையும்."

அம்மா மகளையே பார்த்தார். "ஒவ்வொரு தடவை சுருக்கும்போதும் கருப்பு கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஏறியிருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு நாற்காலியைத் திருப்பி வேகமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

"நாலுல ஒருத்தர் மட்டும் வந்திருந்தா?" என்று கேட்டாள் சத்யப்பிரியா. எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை.

"நல்ல கேள்வி" என்றார் அம்மா. "நிறம் அந்த ஒருத்தரோட நிறமேதான். ஆனா கொஞ்சம் மெலிசாத் தெரியும். ஓரம் திடீர்னு அறுபடாம மெதுவாக் கரையும்."

கம்ப்யூட்டர் வேலையை முடிக்க நேரம் பிடித்தது. அதற்குள் முறுக்குத் தட்டு காலியாகியிருந்தது.

அம்மா படத்தைச் சுருக்கினார். இன்னும் சுருக்கினார். கரை மணல் நிறத்தில் பளிச்சென்று வளைந்து போனது. அதன் ஓரத்தில், கடைசி வரிசையில், சின்னதாக ஒரு நீலம்.

சத்யப்பிரியா சுடர்விழியின் கையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் உட்கார இடமில்லை. திரைக்குப் பதில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் முழு ஊரும் ஒன்றாக விழுந்தது. பாறாங்கல் வேலையைப் பார்க்க வந்த என்ஜினீயர் கோபிநாத், கரையின் நடுவில் குச்சியை வைத்து, "இங்கேருந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.

பின்னால் நின்ற சுப்ரமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அதிகம் பேசுகிறவர் அல்ல அவர். நீலப் பொட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்க வூடு சார். இதுக்கு அந்தாண்டயும் நாலு வூடு கீது, பாருங்க."

கோபிநாத் குனிந்து பார்த்தார். "ஆமாம், தெரியுது" என்றார். குச்சி நகர்ந்து அந்த நாலு வீடுகளையும் தாண்டிப் போய் நின்றது. "அப்ப இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்."

அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மீன் விற்கும் அஞ்சம்மாள் கூடையை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். "என் வூடு எங்கடி, சத்யா? கொடியில காயுற பொடவைகூடத் தெரியுமா?"

"பெருசு பண்ணினா தெரியும் அத்தை."

"வேணாம், வேணாம். கிழிஞ்ச பொடவ அது. வூட்ட மட்டும் காட்டு."

சத்யப்பிரியாவும் சுடர்விழியும் ஆளுக்கொரு பக்கம் நின்று வீடு வீடாகக் காட்டினார்கள். ஒவ்வொரு விரல் படும்போதும் வேட்டி அசைந்தது. அதோடு சேர்ந்து ஊரும் லேசாக ஆடியது. ஆனால் ஒரு வீடுகூடக் காணாமல் போகவில்லை.