சுவர் இல்லாத வீடு

"ஐயோ... அப்பா கட்டின சுவரெல்லாம் எங்கே அண்ணி?"

ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டாள் நோர்மலா. அம்மாவைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி மூவாருக்கு வந்திருந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரைக் காணோம். அம்மா ராம்லாவின் அறையும் இல்லை. வாசலிலிருந்தே அடுப்பும் கட்டிலும் தெரிந்தன.

அண்ணி சாடியா சோற்றுப் பானையின் தீயைக் குறைத்தாள்.

"முதல்ல உள்ள வா நோர். தேத்தண்ணி குடி."

"ஒண்ணும் வேணாம்! அண்ணன் கப்பல்ல இருக்கான், கேக்க ஆளில்லைன்னு இடிச்சிட்டீங்க. பத்திரிகையில வர்ற வீடு மாதிரி வேணும்னு ஆசை! எங்கம்மாவைக் கூடத்துல போட்டிருக்கீங்களே... வர்றவன் போறவனெல்லாம் பாக்கணுமா?"

சாடியாவின் கண்கள் நிறைந்தன. வாய் திறக்கவில்லை. அத்தை ராம்லாவுக்குக் கொடுத்த வாக்கு அப்படி.

"போதும்டி!"

ராம்லா கட்டிலைவிட்டு எழுந்தாள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, யார் கையும் படாமல், சமையல் மேடைவரை நடந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். போன தடவை அம்மாவைப் பிடித்து நடத்த வேண்டியிருந்தது; நோர்மலா திகைத்துப் பார்த்தாள்.

"மழைக்காலத்துல என் அறைக்குள்ள விழுந்து கிடந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. கத்தினேன்... மழைச் சத்தத்துல அடுப்படியில இருந்த இவ காதுல விழல. துணியை நனைச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் அந்த ஈரத்துலயே... மகளுக்குச் சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். வெக்கம்டி! உன் அண்ணன் சம்மதிச்சப்புறம்தான் இடிச்சா. யாராவது வந்தா இழுத்துவிட எனக்குத் திரை இருக்கு. இவளுக்கு? தன் அறையையும் சேத்து இடிச்சிட்டா! எங்க படுக்கிறான்னு கேளு."

தட்டு அலமாரியின் பக்கத்தில் ஒரு மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணி...!" நோர்மலா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நான் திட்டும்போதாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அத்தை தலைகுனிஞ்சிருப்பாங்க நோர்."

இருவரும் அழுது தீர்த்ததும் நோர்மலா சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"அலமாரியைக் குறுக்கே திருப்புவோம். அந்தப் பக்கம் உங்க மூலை. திரை நான் தைக்கிறேன். மாட்டேன்னு சொல்லாதீங்க!"

சாடியா கொஞ்சம் யோசித்தாள்.

"சரி. ஆனா முழுசா மறைக்காதே. படுத்தா அத்தை முகம் தெரியணும்."

இரண்டு பேரும் அலமாரியைத் தள்ளத் தொடங்கினார்கள்.

"மெதுவாடி... முதல்ல தட்டையெல்லாம் எடுங்க!" என்று முக்காலியிலிருந்து அதட்டினாள் ராம்லா. "என் கல்யாணத் தட்டுடி அது!"