சாக மறுத்த செல்கள்

"சாக வேண்டியது சாகல. அதுதான் என் பிரச்சினை," என்றார் அந்த அம்மாள், நாற்காலியில் உட்காரும் முன்பே.

துப்பறிபவரின் மைத்துனன் டீக் கோப்பையை ஓசையில்லாமல் கீழே வைத்தான். இப்படி ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவன் அக்கா வீட்டுக்காரரிடம் சம்பளமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தான். துப்பறிபவரோ எழுந்துபோய் சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். தெரிந்தவர்கள் அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்து, நேரிலேயே அப்படிக் கூப்பிட்டார்கள். மைத்துனனுக்கு யாரும் 'அவசரம்' என்று பெயர் வைக்கவில்லை. வைக்கத் தேவையிருக்கவில்லை.

"எதும்மா சாகல?"

"மூளை செல்." அம்மாள் இருமினார். பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தப்ப எனக்கும் ஒட்டிக்கிச்சு. எனக்குக் காய்ச்சல் போயிடுச்சு, இருமல் மட்டும் போகல. அவர் போயிட்டார்."

அம்மாள் உயிரணு ஆராய்ச்சியாளர். கணவருக்குப் பல வருடங்களாகக் கைநடுக்க நோய். படுத்த படுக்கையாக இருந்தவருக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. கைநடுக்க நோய்க்கான மருந்தைத்தான் அம்மாள் தேடிக்கொண்டிருந்தார்.

"செல்லுக்கு நெருக்கடி வந்தா உள்ள இருக்கிற புரதம் முட்டை வேகற மாதிரி கட்டி தட்டிடும். செல் செத்துடும். அந்த நோயிலயும் அதேதான் நடக்குது. என் மருந்து அதைத் தடுக்கும். ஒரு வரிசைக் குடுவையில மருந்து போடுவோம், இன்னொண்ணுல போட மாட்டோம். ரெண்டையும் நல்லாச் சூடு பண்ணுவோம். மருந்து போட்டது பிழைக்கும், போடாதது செத்துடும். கடைசித் தடவை ரெண்டுமே பிழைச்சிடுச்சு."

"நல்லதுதானே?" என்றான் மைத்துனன்.

"எல்லாமே பிழைச்சா மருந்து எதுக்குத் தம்பி?"

மைத்துனன் டீயைக் குடிக்கத் தொடங்கினான்.

அம்மாளிடம் ஓர் ஆராய்ச்சி மாணவன் இருந்தான். நீளக் கால்கள் என்பதால் 'கொக்கு' என்று கூப்பிடுவார்கள். குடுவைகளைக் கையாண்டவன் அவன்தான். எல்லாவற்றிலும் மருந்தைக் கலந்துவிட்டான் என்பது ஆய்வுக்கூட இயக்குநரின் முடிவு. மருந்துப் புட்டியில் அளவு குறையவில்லையே என்றால், தண்ணீர் விட்டு நிரப்பியிருப்பான் என்கிறாராம்.

"பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தேன். என்ன நடந்ததுன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறான். இன்னிக்குச் சாயங்காலம் மோசடின்னு எழுதி வெளிய அனுப்பப் போறாங்க. அப்புறம் எந்த ஆய்வுக்கூடமும் அவனைச் சேர்க்காது."

"மருந்து இல்லாம செல் பிழைக்க வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. முன்னாடியே லேசாச் சூடு பட்டிருந்தா செல் உஷாராயிடும். கட்டி தட்டாம பார்த்துக்கிற காவல் புரதங்களைத் தானே தயார் பண்ணி வச்சுக்கும். அப்புறம் பெரிய சூட்டையும் தாங்கும். ஆனா செல்லை வளர்க்கிற எங்க இன்குபேட்டர்ல சூடு ஏறவே இல்ல. பார்த்துட்டேன்."

"போய்ப் பார்ப்போம்," என்று நிதானம் செருப்பை மாட்டினார்.

ஆய்வுக்கூடத்தின் வாசலில், காய்ச்சலோ இருமலோ உள்ளவர்கள் செல் அறைக்குள் வரக் கூடாது என்று ஒரு பலகை தொங்கியது. அம்மாள் இருமினார். காவலாளி நிமிர்ந்து பார்த்தார். "தூசிப்பா," என்று அம்மாள் பழகிய குரலில் சொல்லிவிட்டு நடந்தார். நிதானம் பலகையை இன்னொரு முறை படித்தார்.

செல்கள் வளர்வது பின்கட்டடத்தில். சோதனை நடப்பது முன்கட்டடத்தில். நடுவில் திறந்த முற்றத்தில் குளிர்காற்று அடித்தது. குடுவைகளைச் சூடு ஆறாமல் தூக்கிவரும் பெட்டி ஒரு மூலையில் மூடி உடைந்து கிடந்தது.

"இது இல்லாம எப்படிக் கொண்டு வருவீங்க?"

"சட்டைக்குள்ள வச்சுத்தான். உடம்புச் சூடும் இன்குபேட்டர் சூடும் ஒண்ணுதானே. எங்க தொழில்ல எல்லாரும் செய்யறதுதான்."

முன்கட்டடத்துக்குள் போனதும், கடைசிச் சோதனையின் குடுவைகளை நிதானம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பழைய குடுவைகளில் ஒட்டிய சீட்டுகளில் எழுத்து தெளிவாக இருந்தது. இவற்றில் நீல மை கரைந்து வழிந்திருந்தது. கொக்கின் வெள்ளை அங்கி கொக்கியில் தொங்கியது. அதன் உட்புறம், நெஞ்சுப் பக்கம், அதே நீலக் கறை. மைத்துனன் அங்கிப் பையில் கைவிட்டு, காலியான மாத்திரை அட்டையை வெளியே எடுத்தான்.

"மாமா! மருந்து! ஆள் மாட்டிக்கிட்டான்!"

"படிச்சுப் பாரு மாப்ள."

மைத்துனன் படித்தான். முகம் தொங்கிவிட்டது. "காய்ச்சல் மாத்திரை."

"அம்மா, அந்தத் தம்பியைக் கூப்பிடுங்க," என்றார் நிதானம்.

கொக்கு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாதவன் போல் கதவோரம் நின்றான். கண்கள் உள்ளே போயிருந்தன.

"உட்காருங்க தம்பி. நீங்க யாரையும் ஏமாத்தல," என்று நிதானம் தொடங்கினார். "காத்து இவ்வளவு குளிரா இருக்கு. இதுல நடந்தா யாருக்கும் மை கரையற அளவு வேர்க்காது. காய்ச்சல் மாத்திரை போட்டு, காய்ச்சல் இறங்கறப்பதான் அப்படிக் கொட்டும். அன்னைக்கு நீங்க கொதிக்கிற உடம்போட அந்தக் குடுவைகளை நெஞ்சோட வச்சிருந்திருக்கீங்க. இன்குபேட்டர்ல ஏறாத சூடு உங்க உடம்புல ஏறியிருந்தது. உங்க காய்ச்சல்தான் செல்லுக்கும் வந்தது. அது உஷாராயிடுச்சு. மறுநாள் சோதனையில சூடு பண்ணப்ப எதுவும் சாகல. சரியா?"

அம்மாள் கொக்கின் பக்கம் திரும்பினார். இத்தனை வருடம் இதையே படித்தவருக்கு இது தோன்றவில்லையே என்ற வெட்கம் முகத்தில் தெரிந்தது. "எவ்வளவு நேரம்டா வச்சிருந்தே?"

"மாத்திரை போட்டுட்டு மாடிப்படியில உட்கார்ந்தேன் மேடம். எழுந்திருக்க முடியல. ரொம்ப நேரம் ஆயிடுச்சு."

"இதைச் சொல்ல வேண்டியதுதானே! காய்ச்சலோட உள்ள வந்தா வேலை போயிடும்னு பயமா?" என்று மைத்துனன் குறுக்கிட்டான்.

கொக்கு தலையாட்டி மறுத்தான். "அன்னைக்கு மேடம் பக்கத்துல உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். அந்த வாரமே சார் காய்ச்சல்ல போயிட்டார். நான் கொண்டுவந்தது மேடம் மூலமா அவருக்குப் போயிருக்கும். காய்ச்சல்னு வாயைத் திறந்தா மேடத்துக்கு அது புரிஞ்சிடும். அதுக்கு மோசடிக்காரன்னு பேர் வாங்கறதே பரவாயில்லன்னு நினைச்சேன்."

நிதானம் அம்மாளைப் பார்த்தார். "மிச்சத்தை நீங்கதான்மா சொல்லணும்."

அம்மாளின் கையிலிருந்த இருமல் மிட்டாய் உறை கசங்கியது.

"தூசி இல்லடா," என்றார். "அவருக்குக் காய்ச்சல் வந்தது அதுக்கு முந்தின வாரம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனப்ப ஒட்டிக்கிச்சு. அவர்கிட்டேர்ந்து எனக்கு வந்தது. மருந்து ஆராய்ச்சி தள்ளிப்போகக் கூடாதுன்னு மாத்திரையை முழுங்கிட்டு, தூசின்னு பொய் சொல்லிட்டு, இங்க வந்து உட்கார்ந்தேன். உன் பக்கத்துல. என்கிட்டேர்ந்துதான் உனக்கு வந்தது. நீ கொண்டு வரல."

கொக்கு நிமிர்ந்து பார்த்தான்.

"நீ லீவு கேட்டே. செல்லுக்கு லீவு கிடையாதுன்னு நான்தான் சொன்னேன்."

நிதானம் எழுந்தார். இயக்குநருக்குச் சொல்ல அம்மாள் தொலைபேசியை நோக்கிப் போனார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து, உட்கார்ந்திருந்தவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இப்ப விட்டுடுச்சாடா?"

அதை இத்தனை நாளும் அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அவன் அந்தக் கையை விலக்காமல் அழுதான்.