சுவரில் மாட்டிய ஒரு மணி நேரம்

அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், கடிகாரக்காரரின் நெஞ்சுக்குள் தகராறு தொடங்கியது. சுவரோரம் தன் இடத்தில் படுத்தால் போதும், இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி. முப்பது வருஷமாகக் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற காது அவருடையது. ஒரு டிக் குறைந்தாலும் பிடித்துவிடும்.

மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அவருக்கு அந்த மூன்று பேர்மீதும் சந்தேகம்.

"நாலாவது டாக்டர் நான் சொல்றேன், உங்களுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மனைவி. கேலிதான். ஆனால் அவர் எழுந்து உட்கார்ந்து நாடி பிடித்த இரவெல்லாம் அவளும் தூங்கவில்லை. பாவம், கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பில் ஒரு குட்டி மெஷினைக் கட்டி, நெஞ்சில் ஐந்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யுமாம். "கழட்டவே கூடாது சார்," என்றாள் டெக்னீஷியன் பெண்.

வயர் சுவரில் உரசுகிறதென்று அன்றிரவு சுவரைவிட்டுத் தள்ளி, கட்டிலின் மறுபக்கம் படுத்தார். அதிசயம், அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்.

காலையில் அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. மெஷினைக் கண்டதும் நெஞ்சு நல்லபிள்ளை ஆகிவிட்டதா, இல்லை மெஷினே டுபாக்கூரா? எந்தக் கடிகாரத்தையும் சுவரில் மாட்டி ஓடவிட்டுப் பார்க்காமல் அவர் நம்பியதில்லை. பதினொரு மணிக்கு மனைவி கடைக்குப் போனதும், ஸ்டிக்கர்களைப் பிய்த்துத் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினார். மெஷினை ஆணியில் மாட்டினார். சுவருக்கு ஏது இதயம்? நேர்கோடு வந்தால் மெஷின் யோக்கியம். பன்னிரண்டுக்கு மறுபடி நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் சாப்பிட உட்கார்ந்தார்.

மாலையில் ஆஸ்பத்திரியில் மெஷினைக் கழற்றி ரிப்போர்ட் எடுத்தார்கள்.

"உங்க இதயம் சூப்பர் சார். ஆனா..." டெக்னீஷியன் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குப் பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இதை வேற யாருக்காவது மாட்டினீங்களா?"

தாளைத் திருப்பிக் காட்டினாள்.

இரண்டு துடிப்பு. ஒரு இடைவெளி.

"அவங்க யாரா இருந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க. இது ரொம்ப நாள் தாங்காது."

அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைச் சுவரில் காதை வைத்தார். ஈரச் சுண்ணாம்பின் வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

சத்தமே இல்லை.

வெறும் சுவர். மெஷின்தான் கோளாறு. உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"சுவத்துல என்னங்க ஒட்டுக்கேக்கறீங்க?" அறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லடி! நீ சொன்னதுதான் சரி."

அவள் சிரிக்கவில்லை. மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் உங்க இடத்துல, சுவரோரமா, கொஞ்சம் கண் அசந்தேன். எழுந்ததுலேர்ந்து நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க. உங்க வியாதி எனக்கு வந்துடுச்சு போல."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்குக் காது தேவைப்படவில்லை; விரலே போதுமாக இருந்தது.

ஒன்று.

இரண்டு.

அடுத்த துடிப்புக்காக அவர் காத்திருந்தார்.